பழைய சென்சார், பள்ளத்தாக்கு வெயில்

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது இரண்டு தடவை சாயும். முதலில் சூரியன் மேற்கு மலை முகட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். வயலும் தென்னந்தோப்பும் ஊரும் நிழலுக்குள் போய்விடும். வானம் மட்டும் இன்னும் வெகுநேரம் வெளுப்பாகவே இருக்கும். கிழக்கே மேகமலைச் சரிவின் மேல்பாதி மஞ்சள் வெயிலில் நிற்கும். அதற்குப் பிறகுதான் நிஜமாகவே இருட்டும். இந்த இடைப்பட்ட நேரத்தில் படமெடுக்கச் சொல்லி மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். 2018-ல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தில் ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வர் இந்த மலை வெளிச்சத்தை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பார்த்தவர்களுக்கு, நான் எதைச் சொல்கிறேன் என்பது உடனே புரியும். கண் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுகிறது, வெளுத்த வானத்தையும் இருண்ட வயலையும். கேமரா ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்கும். எதை விட்டுக்கொடுக்கிறது, எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதில்தான் ஒரு சென்சாருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

சின்னமனூர் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ரோல் ஃபிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். முகூர்த்தம் முடிந்ததும் நெகட்டிவை மதுரை லேபுக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டுக் காத்திருந்த தலைமுறை. டிஜிட்டலுக்கு மாறிய பிறகு வாங்கிய பாடிகளையும், மற்ற ஸ்டுடியோக்காரர்கள் கழித்துவிட்டபோது எடுத்துக்கொண்டவற்றையும் நான் விற்கவில்லை. நிகான் டி70, டி40, டி90, டி7000, டி700, கேனான் 5டி, 550டி என்று பீரோவில் ஒரு வரிசை இருக்கிறது. அவ்வப்போது வெளியே எடுத்து, ஒரே வெளிச்சத்தில் ஒரே ஆளை வைத்து எடுத்துப் பார்ப்பேன். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுத முடியாது.

கடைக்கு வருகிற பையன்கள் பழைய பாடியைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இது எத்தன மெகாபிக்சலு?" ஆறு என்று சொன்னால் மரியாதைக்குச் சிரித்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். நான் கணக்குப் போட்டுக் காட்டுவேன். டி40 தருகிற படம் 3008-க்கு 2000 புள்ளி. நம் கல்யாண கரிஸ்மா ஆல்பம் 12-க்கு 36 அங்குலம். நடுமடிப்பில் பிரித்தால் ஒரு பக்கம் 12-க்கு 18. அந்தப் பக்கம் முழுக்க ஒரே படத்தை வைத்தால் அங்குலத்துக்கு 167 புள்ளி வருகிறது. மடியில் வைத்துப் புரட்டுகிற ஆல்பத்துக்கு அது போதும். 36 அங்குலத்துக்கும் ஒரே படத்தை விரித்தால் 84-க்கு இறங்கிவிடும்; அப்போது பல்லை இளித்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். 12 மெகாபிக்சல் டி90 என்றால் ஒரு பக்கத்துக்கு 238. மெகாபிக்சல் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இந்த எண்ணைப் பார்த்துக் கேமரா வாங்குகிறவர்கள், விவரத்தாளில் இந்த ஊர் வெயிலுக்கு உண்மையில் எவை தேவையோ அந்த வரிகளைப் படிக்காமலே தாண்டிப் போகிறார்கள்.

அந்த வரிகளில் ஒன்று, பிளாஷ் சிங்க் வேகம்.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் உச்சிவெயிலில் தீச்சட்டி எடுத்து வருகிறவர்களைப் படமெடுத்துப் பாருங்கள். வெயில் நேர் மேலே. கண்குழியில் கறுப்பு, மூக்கின் மேல் வெள்ளை. பிளாஷ் போட்டு நிழலைத் தூக்கியாக வேண்டும். ஆனால் திரை ஷட்டர் உள்ள கேமராக்களில் பிளாஷுக்கு ஒரு எல்லை உண்டு. கேனான் 5டி, 550டி, நிகான் டி90 எல்லாம் விநாடியில் 200-ல் ஒரு பங்கோடு நின்றுவிடும். அதற்கு மேல் போனால் திரையின் நிழல் படத்தில் கறுப்புப் பட்டையாக விழும். 2004-ல் வந்த டி70-யும் 2006-ல் வந்த டி40-யும் 500-ல் ஒரு பங்குவரை போகும். காரணம், அவற்றின் 6 மெகாபிக்சல் சோனி சிசிடி சென்சார், ஒளி விழுவதைத் தானே மின்சாரத்தால் தொடங்கி நிறுத்திக்கொள்ளும். வேகமான ஷட்டருக்குத் திரை ஓடி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதனால் என்ன லாபம்? கைடு நம்பர் 30 உள்ள ஒரு சாதாரண பிளாஷை எடுத்துக்கொள்வோம். உச்சிவெயிலில் 5டி-யை ஐஎஸ்ஓ 100, 200-ல் ஒரு பங்கில் வைத்தால் அப்பர்ச்சர் எஃப்11. 30-ஐ 11-ஆல் வகுத்தால் 2.7 மீட்டர். பிளாஷின் வீச்சு அவ்வளவுதான். டி40-ல் அடிப்படை ஐஎஸ்ஓவே 200. 500-ல் ஒரு பங்கில் வைத்தால் அப்பர்ச்சர் எஃப்10. ஐஎஸ்ஓ 200-ல் அதே பிளாஷின் கைடு நம்பர் 42 ஆகிவிடும். 42-ஐ 10-ஆல் வகுத்தால் 4.2 மீட்டர். கூட்டத்துக்கு வெளியே நின்று எடுப்பதற்கும் தீச்சட்டியின் அனல் முகத்தில் அடிக்க முன்னால் போய் நிற்பதற்கும் உள்ள தூரம் அது. இதற்காகவே, புதுக் கேமராக்கள் வந்த பிறகும் வீரபாண்டிக்கு டி40-யைத்தான் எடுத்துப் போகிறேன். பிளாஷுக்கும் கேமராவுக்கும் நடுவே உள்ள கூடுதல் தொடர்புப் புள்ளிகளை டேப் ஒட்டி மறைத்து, நடுப்புள்ளியை மட்டும் விட்டால் 500-ஐயும் தாண்டலாம். 1000-த்தில் ஒரு பங்கிலும் பட்டை விழாது. ஆனால் பிளாஷைக் குறைந்த சக்தியில் வைக்க வேண்டும். முழுச் சக்தியில் அதன் ஒளி தீருமுன் ஷட்டர் மூடிவிடும்.

இலவசமாக எதுவும் கிடைக்காது. அதே மின் ஷட்டர், சூரியன் நேராகச் சட்டகத்துக்குள் வந்தால் செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்துவிடும். வைகை அணை நீர்ப்பரப்பில் மாலை வெயில் பட்டுத் தெறிக்கும் இடங்களில் வேகமான ஷட்டரில் எடுத்தால் கோடு கோடாக வரும். மூடியிருக்க வேண்டிய பாதைக்குள்ளும் ஒளி கசிவதால் வருவது. பின்னால் கணினியில் அதை அழிப்பது பெரும் பாடு. சூரியனைக் கோபுரத்துக்கோ தென்னை மட்டைக்கோ பின்னால் ஒளித்துவைப்பதே வழி.

சிசிடி, சிமாஸ் என்று இரண்டு சொல்கிறோமே, அதன் உள்வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கியது சிசிடி. 2009-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு புள்ளியிலும் சேர்ந்த மின்னூட்டம், கட்டட வேலையில் சாந்துச்சட்டி கைமாறிக் கைமாறி மாடிக்குப் போவதுபோல, பக்கத்துப் புள்ளிக்கு நகர்ந்து நகர்ந்து ஓரத்தில் இருக்கும் பெருக்கிக்குப் போய்ச் சேரும். வேலையெல்லாம் அந்த ஒரு வாசலில். சிமாஸில் ஒவ்வொரு புள்ளிக்கும் சொந்தமாகப் பெருக்கி உண்டு. சிமாஸை முதலில் நம்பிப் பெரிய அளவில் இறங்கியது கேனான். 2000-ல் வந்த டி30-யிலேயே சொந்தமாகச் செய்த 3 மெகாபிக்சல் சிமாஸ் இருந்தது. நிகான் 1999-ன் டி1 தொடங்கி பல வருஷம் பெரும்பாலும் சிசிடியோடு போய், 2007-ல் டி3, டி300 வந்தபோது உயர்ரகப் பாடிகளில் முழுக்க மாறியது.

ஓரத்துப் பெருக்கியின் சூட்டை டி70-ல் நேரில் பார்க்கலாம். மேகமலையில் இரவு வானத்தைப் பல நிமிஷம் திறந்துவைத்து எடுத்தால் படத்தின் மூலையில் ஊதாநிறப் புகைபோல ஒரு வெளிச்சம் வந்து உட்கார்ந்திருக்கும். நட்சத்திரமும் இல்லை, நிலவும் இல்லை. சென்சாரின் சொந்த அனல். சூட்டைப் பற்றி இன்னொன்று. ஒளியே படாத சென்சாரிலும் வெப்பத்தால் கொஞ்சம் மின்னூட்டம் ஊறிக்கொண்டே இருக்கும். சுமார் 6 முதல் 8 டிகிரி ஏறும்போதெல்லாம் அது இரண்டு மடங்காகும். மேகமலைக் குளிரில் சுத்தமாக வந்த அதே டி70, சித்திரை மாதத்தில் போடி மொட்டை மாடியில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகளை வாரி இறைப்பது இதனால்தான். கம்பெனி அச்சடித்த விவரத்தாளில் நாய்ஸ் பற்றி ஒரு வரி இருந்தாலும், அது எங்கள் ஊர்ச் சித்திரைக்கு எழுதியதல்ல.

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருகிறேன்: மலை நிழல் வயலில் விழுந்து, வானம் வெளுத்திருக்கும் நேரம். நான் வானத்துக்கு எக்ஸ்போஷர் வைப்பேன். வெள்ளை எரிந்துபோனால் எந்தச் சென்சாரிலும் திரும்பாது. வயலும் ஆளும் இருட்டாக விழும்; பிறகு ரா ஃபைலில் நிழலை மூன்று ஸ்டாப் தூக்கிப் பார்ப்பேன்.

டி40-ல் தூக்கினால் மண்ணிலும் வேட்டி மடிப்பிலும் பொடி மணல்போலக் கிரெயின் எழும். ஆனால் அது சீராக இருக்கும். பழைய ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில் வாழ்ந்தவனுக்கு உறுத்தாது. 550டி-ல் அதே இடத்தைத் தூக்கினால் கோடுகள். படுக்கையாகவும் செங்குத்தாகவும் மெல்லிய பட்டைகள், நெய்த துணியை இருட்டில் விரித்த மாதிரி. இருண்ட சேலையில் அதை யாரும் டிசைன் என்று நம்ப மாட்டார்கள். 2010-ல் வந்த 18 மெகாபிக்சல் கேமரா அது. 2006-ன் 6 மெகாபிக்சல் கேமரா இந்த ஒரு வேலையில் அதைவிடக் கௌரவமாக நடந்துகொள்கிறது. அதே 2010-ல் வந்த டி7000-ல் தூக்கினால்? ஒன்றுமே நடக்காத மாதிரி நிழலுக்குள் இருந்து நெற்பயிர் பச்சையாக எழுந்து வரும். முதல் தடவை பார்த்தபோது திரையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன்.

காரணம் சென்சாரின் விளிம்பில் இருக்கிறது. கேனானின் அன்றைய வடிவமைப்பில், புள்ளியின் மின்னழுத்தம் சென்சாரைவிட்டு வெளியே வந்து, தனியாக இருக்கும் இன்னொரு சிப்புக்குப் போய்த்தான் எண்ணாக மாறும். அந்த வழி நெடுக வேறு சுற்றுகளின் இரைச்சல் ஒட்டிக்கொள்ளும். சோனி செய்து நிகானில் பொருந்திய சிமாஸ் சென்சார்களில் ஒவ்வொரு செங்குத்து வரிசையின் முனையிலும் எண்ணாக மாற்றும் சுற்று சென்சாரிலேயே இருந்தது. வெளியே வரும்போதே எண். 2008-ன் டி90-ல் இந்த முறை உண்டு. டி7000-ல் நன்றாக முதிர்ந்துவிட்டது. பிரான்சின் டிஎக்ஸ்ஓ ஆய்வகம் அளந்து வெளியிட்ட எண்கள் என் கண் பார்த்ததோடு ஒத்துப்போகின்றன: டைனமிக் ரேஞ்ச் 550டி-க்குப் பதினொன்றரை ஸ்டாப், டி90-க்குப் பன்னிரண்டரை, டி7000-க்கு 13.9. கேனான் இந்த மாற்றுச் சுற்றை சென்சாருக்குள் கொண்டுவர 2016 வரை ஆனது.

ஆனால் இதை வைத்துக் கேனான் மட்டம் என்று முடிவுகட்டினால் தப்பு. ஐஎஸ்ஓவைக் கூட்டும்போது கேனானின் பெருக்கல் சென்சாருக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பெரிதாகிவிட்ட சிக்னலுக்கு முன்னால் வழியில் ஒட்டும் இரைச்சல் சிறிதாகிப் போகும். அதனால் 800, 1600-ல் வித்தியாசம் கரைந்துவிடும். பழைய கேனான் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: இருட்டில் ஐஎஸ்ஓவைக் கேமராவிலேயே கூட்டுங்கள், பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். டி7000 வைத்திருப்பவர்கள் பயமில்லாமல் விடலாம்.

சாரல் மாதங்களில் இந்தச் சிக்கல் நாள் முழுக்க நீடிக்கும். கேரளப் பக்கமிருந்து வரும் மேகம் மலை முகட்டில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும், லோயர்கேம்ப், கூடலூரில் தூறல், சின்னமனூரில் வெயில். பெரியாறு அணைத் தண்ணீர் திறந்து, 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் முதல்போக நடவு ஓடிக்கொண்டிருக்கும். சேற்றில் குனிந்து நிற்கும் கருத்த முகங்கள், பின்னால் கண்ணைக் கூசும் மேகம். வெள்ளைத்தோலை மனதில் வைத்து எழுதப்பட்ட எக்ஸ்போஷர் புத்தகங்கள் இங்கே உதவாது.

மண்டபத்துக்குள்ளும் இதே வழக்குதான், சாட்சிகள் வேறு. பட்டு வேட்டியின் வெண்மை, ஜரிகை, நகை, மாப்பிள்ளையின் கருத்த நிறம், ஹோமப் புகை எல்லாம் ஒரே சட்டகத்தில். இதற்கென்றே ஃபுஜி ஒரு சென்சார் செய்தது. 2004-ல் எஸ்3 ப்ரோ. பிறகு நிகான் டி200-ன் உடம்பில் எஸ்5 ப்ரோ. 12 மெகாபிக்சல் என்று போட்டிருப்பார்கள். உள்ளே 60 லட்சம் பெரிய புள்ளியும் 60 லட்சம் சிறிய புள்ளியும். பெரியது நிழலைச் சேர்க்கும். வேட்டியில் அது நிரம்பி வழிந்த பிறகும் சிறியது நிரம்பாமல் மடிப்பைப் பதிவு செய்துகொண்டிருக்கும். படத்தின் நுணுக்கம் 6 மெகாபிக்சலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். மெகாபிக்சலைக் கொடுத்து வேட்டி மடிப்பை வாங்கிய கேமரா. கல்யாணக் கேமராமேன்கள் அதை ஏன் கொண்டாடினார்கள் என்று கல்யாணம் எடுக்காதவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம்.

பட்டு என்றதும் மோயரே ஞாபகம் வருகிறது. நெசவின் இழையும் சென்சாரின் புள்ளி வரிசையும் மோதினால் இல்லாத வானவில் அலைகள் துணியில் தெரியும். அதைத் தடுக்க சென்சார் முன்னால் படத்தை மயிரிழை மங்கலாக்கும் ஒரு வடிகட்டி வைப்பார்கள். டி70-ல் அது வலுவில்லாதது. அதனால் படம் கூர்மை; அதனாலேயே டி.சுப்புலாபுரம் கைத்தறிச் சேலையைக் கட்டிக்கொண்டு யாராவது வந்து நின்றால் இடுப்புக்குக் கீழே வானவில். கூர்மையை விரும்பினால் இதையும் சேர்த்துத்தான் விரும்ப வேண்டும். ஒரு அடி முன்னால் நகர்ந்தாலோ பின்னால் நகர்ந்தாலோ அலை போய்விடும்.

டி70-ன் முன்கண்ணாடிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அதை நான் வரம் என்பேன். அகச்சிவப்புக் கதிரை அது முழுசாகத் தடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைக்கும் கறுப்பு வடிகட்டியை லென்ஸ் முன்னால் மாட்டி, ஸ்டாண்டில் வைத்து, சில விநாடி திறந்து எடுத்தால் உத்தமபாளையம் வயல்கள் பனி பெய்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். முல்லைப் பெரியாறு மையாக ஓடும். இலைகள் அகச்சிவப்பைத் திருப்பி எறிவதாலும் தண்ணீர் விழுங்கிவிடுவதாலும் வருவது. பின்னால் வந்த கேமராக்களில் தடுப்பு பலமாகிவிட்டது. இதே வேலைக்கு நிமிஷக் கணக்கில் திறந்துவைக்க வேண்டும். அதற்குள் காற்றில் பயிர் அசைந்துவிடும்.

திராட்சைப் பந்தலுக்கு அடியில் நிற்கும்போது வேறு கணக்கு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பந்தலுக்கடியில் படமெடுக்க நிறையப் பேர் வந்தார்கள். "முகமெல்லாம் பச்சையா வருதுண்ணே" என்பது எல்லோருடைய புகார். இலைகளில் வடிகட்டி வருகிற வெளிச்சமே பச்சை. சென்சாரில் நான்கு புள்ளியில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில். பந்தலுக்கடியில் பச்சைப் புள்ளிகள் நிரம்பி வழிகிற நேரத்தில் சிவப்பு பாதிகூட நிரம்பியிருக்காது. மனிதத் தோலோ சிவப்பில் வாழ்வது. எக்ஸ்போஷரைக் குறைத்துப் பச்சையைக் காப்பாற்றி, ராவில் சிவப்பை ஏற்ற வேண்டும். ஏற்றினால் சிவப்பின் நாய்ஸும் ஏறும். திருவிளக்கு பூஜையில் இதே கதை தலைகீழாக: எண்ணெய் விளக்கின் மஞ்சளில் நீலம் என்பதே அநேகமாகக் கிடையாது. டி40-யை ஐஎஸ்ஓ 1600-ல் வைத்து எடுத்த விளக்கு பூஜைப் படத்தில் நீலத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் வெறும் கொசுக்கூட்டம். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பையும் பச்சையையும் மட்டும் எடுத்துக்கொண்டால் அருமையாக வரும்.

அந்த இருட்டுக்கு என்னிடம் இருக்கிற பதில் 5டி-யும் டி700-ம். முழு ஃபிரேம். 2005-ன் 5டி-யில் சென்சாரின் பரப்பு 36-க்கு 24 மில்லிமீட்டர்; டி40-ல் 24-க்கு 16. பரப்பில் இரண்டேகால் மடங்குக்கு மேல். ஒரே அப்பர்ச்சர், ஒரே ஷட்டரில் மொத்தமாகச் சேரும் ஒளியும் அத்தனை மடங்கு. புள்ளி பெரிசு, 8.2 மைக்ரான், அதனால்தான் சுத்தம் என்று சொல்வார்கள். என் அனுபவத்தில் புள்ளியைவிடச் சென்சாரின் மொத்தப் பரப்பே பேசுகிறது. டி40-ன் புள்ளியும் 7.8 மைக்ரான்தான், டி7000-ன் புள்ளி 4.8, ஒரே அளவில் பிரிண்ட் போட்டு வைத்தால் டி7000 ஜெயிக்கிறது. 2008-ன் டி700, 2007-ன் டி3-ல் இருந்த அதே 12 மெகாபிக்சல் சென்சாரோடு ஐஎஸ்ஓ 6400 வரை போனது. அதுவரை 1600-க்கு மேல் போகவே நாங்கள் பயந்தோம். 5டி-யின் அதிகாரபூர்வ எல்லையும் 1600, நீட்டித்தால் 3200. ஆனால் அந்த 1600-ல் 5டி கொடுக்கிற முகத்தை இன்றைக்கும் நான் கூசாமல் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைப்பேன்.

சிசிடி கலர் தனி என்று இப்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்காகவே டி40 தேடி அலைகிறார்கள். நான் நம்பவில்லை. சிலிக்கான் நிறத்தைப் பார்ப்பதில்லை, ஒளியை எண்ணுகிறது. நிறத்தைத் தருவது புள்ளிமேல் பூசிய சாயமும் கேமராவுக்குள் ஓடும் கணக்கும். ஒரே மாம்பழ நிறப் பட்டை டி40-லும் டி90-லும் ராவில் எடுத்து, ஒரே கலர் சார்ட்டை வைத்துத் தனித்தனி புரொஃபைல் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தொழில் செய்கிற நண்பர்களுக்குக் காட்டினேன். எது எது என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. டி40-ன் ஜேபெக் அழகு என்றால் சரி, அது அழகுதான். அதன் பெருமை சமையல்காரருக்குச் சேர வேண்டும், அடுப்புக்கு அல்ல.

பழையது வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஷட்டர் கவுண்ட் பாருங்கள். 5டி, டி90-க்கு 1 லட்சம், டி7000, டி700-க்கு 1.5 லட்சம் என்று கம்பெனி சொன்ன கணக்கு. தாண்டினால் செத்துவிடும் என்றில்லை, விலை பேச உதவும். எஃப்16-ல் வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி முழுக்கத் தெரியும். 5டி, டி700 இரண்டில் 5டி-க்குத் தானே உதறிச் சுத்தம் செய்யும் வசதி கிடையாது. ஆடிக்காற்றில் தேனியில் நின்று லென்ஸ் மாற்றியவர்கள் கைவசம் இருந்த பாடி என்றால், எடுத்துப் பார்த்ததுமே புரிந்துவிடும். மூடி போட்டு 30 விநாடி திறந்து எடுத்து, எரிகிற புள்ளிகளை எண்ணுங்கள். சிஎஃப் கார்டு போடும் துளைக்குள் டார்ச் அடித்து, ஊசி ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வளைந்திருந்தால் இறங்கி வந்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நிகான் டி50-ல் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு ஓடாது, டி40-ல் ஓடும். டி40-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. சல்லிசாகக் கிடைக்கும் பழைய 50 எம்எம் எஃப்1.8டி லென்ஸ் அதில் கையால்தான் ஃபோகஸ் ஆகும், டி70-லும் டி90-லும் தானாக ஆகும். உங்கள் அப்பா நிகான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா வைத்திருந்தால் அதன் லென்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். டி200, டி700, டி7000 மூன்றிலும் மீட்டரோடு வேலை செய்யும். கூடலூர், லோயர்கேம்ப் பக்கம் இருப்பவர்கள் சாரல் காலத்தில் லென்ஸை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். தோல்பைக்குள் வைத்தால் ஃபங்கஸ் நிச்சயம்.

ஒரே ஒரு பழைய பாடி வாங்கத்தான் காசு இருக்கிறது, பள்ளத்தாக்கில்தான் வேலை என்றால், டி7000 வாங்குங்கள் என்பேன். இரவுத் திருவிழாவே பிழைப்பு என்றால் டி700. உச்சிவெயிலும் பிளாஷும் என்றால் டி40, கூடவே அதன் சின்ன உடம்புக்கு ஒரு நன்றி. வெறும் ஆசைக்கு என்றால் 5டி.

கடைசியாக, என்னைப்போலத் தொழிலில் இருக்கும் தேனி மாவட்ட ஸ்டுடியோக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பாடிகளை விற்றாலும் பழைய ரா ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். 2004-ல் டி70 பதிந்த ஃபைலில் அன்றைய மென்பொருளால் எடுக்க முடியாதது நிறைய உள்ளேயே கிடந்திருக்கிறது. இன்றைய நாய்ஸ் நீக்கும் மென்பொருளில் அதே ஃபைலைத் திறந்தால் ஒன்றிரண்டு ஸ்டாப் நல்ல கேமராவில் எடுத்தது போல வருகிறது. ஜேபெக்கில் அந்த வாய்ப்பு இல்லை. அந்த ஃபைல்களில் என்னவெல்லாம் இருக்கும் என்று யோசியுங்கள்: மதுரை – போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 டிசம்பரோடு நின்றது. அகல ரயில் தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூனிலும்தான் வந்தது. மீட்டர்கேஜின் கடைசி நாட்களில் ஆண்டிபட்டிக் கணவாயிலும் போடி ஸ்டேஷனிலும் நின்று நம்மில் பலர் எடுத்தோம், ஆறு மெகாபிக்சலிலும் பத்து மெகாபிக்சலிலும். அந்த சிடிக்களும் ஹார்ட் டிஸ்க்குகளும் பரணில் கிடந்தால், இந்த வாரமே இறக்கி, இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.